மலிவுப் பதிப்பும் சுருக்கப் பதிப்பும்

புத்தகம் வாங்கிப் பழகியவர்கள் எல்லோரும் அறிந்த இரண்டு சொற்களோடு தொடங்குகிறோம். ஒன்று மலிவுப் பதிப்பு. மற்றொன்று சுருக்கப் பதிப்பு. முன்னதில் தாள் மட்டமாயிருக்கும், அட்டை மெலிந்திருக்கும், எழுத்து கண்ணை வருத்தும். ஆயினும் ஆசிரியர் எழுதியது முழுவதும் உள்ளே இருக்கும். பின்னதில் அட்டை பளபளக்கலாம், ஆனால் உள்ளே சில அத்தியாயங்கள் காணாமற் போயிருக்கும். இரண்டும் விலை குறைந்தவையே. எனினும் தேர்ந்த வாசகர் எவரும் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுவதில்லை. அதே வாசகர் புத்தகக் கடையை விட்டு வெளியே வந்து வேறொரு பொருளை விலை பேசும்போது மட்டும் இந்த வேறுபாடு அவருக்கு மறந்துவிடுகிறது.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில், ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில், அமெரிக்காவில் இரண்டு மின்சார பிக்கப் வண்டிகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று, டெஸ்லா நிறுவனம் தன் சைபர்டிரக் வண்டியிலிருந்து சிலவற்றை நீக்கி விலையைக் குறைத்து வெளியிட்ட வடிவம். மற்றொன்று, மிச்சிகன் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த ஸ்லேட் என்னும் புதிய நிறுவனத்தின் முதல் வண்டி. அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ் அந்நிறுவனத்தில் முதலிட்டவர்களுள் ஒருவர். இரண்டையும் செய்தித்தாள்கள் ஒரே அடைமொழியால் அழைத்தன: அலங்காரம் களைந்த, எளிய, மலிவான வண்டி. இவற்றுள் ஒன்று மலிவுப் பதிப்பு, மற்றொன்று சுருக்கப் பதிப்பு என்பது எங்கள் கருத்து. இலக்கியம் பேசும் இடத்தில் டிரக்குக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. எதை நீக்கினால் ஒரு படைப்பு அதுவாகவே எஞ்சும் என்னும் கேள்வி நமக்குப் பழையது. அதே கேள்வியை ஒரு தச்சரின் வண்டியிடம் கேட்டுப் பார்க்கிறோம், அவ்வளவே.

பிக்கப் என்பது அடிப்படையில் ஒரு கருவி. முன்னால் ஓட்டுநர் அறை. பின்னால் திறந்த சரக்குத் தட்டு. பண்ணையாளரும் தோட்டவேலை செய்பவரும் கூரை வேய்பவரும் மின்பணியாளரும் அன்றாடம் அதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் கருவி வீங்கிப் பெருத்து, தோல் இருக்கைகளும் அகன்ற திரைகளும் கொண்ட கௌரவச் சின்னமாகிவிட்டது. இதற்குப் பின்னால் ஒரு விசித்திரமான வரியும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சியின் மீது வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக ஜான்சன் அரசு, இறக்குமதியாகும் இலகுரக டிரக்குகளின் மீது 25 சதவீத வரியை விதித்தது; 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்தது. ‘கோழி வரி’ என்று பெயர்பெற்ற அந்த வரி ஓயவில்லை. வெளிநாட்டுச் சிறு வண்டிகளின் போட்டியிலிருந்து காக்கப்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள் பெரிய வண்டிகளிலேயே இலாபத்தைக் கண்டன. பின்னர் வந்த எரிபொருள் சிக்கன விதிகளோ வண்டியின் பரப்பளவு கூடக்கூட இலக்கைத் தளர்த்தின. சிறியதாகச் செய்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்ற புதிய வாகனங்களின் சராசரி விலை 50,000 டாலரைத் தாண்டியது என்று கெல்லி புளூ புக் நிறுவனம் கணக்கிட்டது. உழைத்துப் பிழைப்பவர் தம் தொழிலுக்கான கருவியைப் புதிதாக வாங்க இயலாத நிலை இது. ஆகவே மலிவான வண்டி வருகிறது என்ற செய்தியைப் பொழுதுபோக்காக மட்டும் படிக்க முடியவில்லை.

முதலில் சைபர்டிரக்கின் கதை. 2019 நவம்பரில் அது அறிமுகமானபோது தொடக்க விலை 39,900 டாலர் என்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து 2023 இறுதியில் வண்டிகள் கைக்கு வரத் தொடங்கியபோது அந்த விலையில் எதுவும் இல்லை. 2025 ஏப்ரலில் வந்த குறைத்த வடிவத்தின் விலை 69,990 டாலர். அடுத்த மேல்வடிவத்தைவிடச் சரியாக 10,000 டாலர் குறைவு. அந்தப் பத்தாயிரத்துக்காக எடுக்கப்பட்டவை எவை? இரண்டு மோட்டார்களில் ஒன்று போயிற்று. காற்றடைப்பு சஸ்பென்ஷனுக்குப் பதில் சாதாரணச் சுருள்வில் வந்தது. இருக்கைகள் துணியாயின. ஒலிபெருக்கிகள் பதினைந்திலிருந்து ஏழாகக் குறைந்தன. சரக்குத் தட்டை மூடும் மின்விசை மூடி நீக்கப்பட்டது. இவற்றில் எதற்கும் நாங்கள் கண்ணீர் விட மாட்டோம். ஒருமுறை மின்னேற்றிச் செல்லும் தூரம் சற்றே கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பட்டியலின் அடியில் ஒன்று இருந்தது. சரக்குத் தட்டில் இருந்த மின்செருகிகளையும் எடுத்துவிட்டார்கள்.

இதை ஒரு பட்டறைக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். மின்சார பிக்கப் வண்டி தன் பெட்ரோல் உடன்பிறப்பைவிட உண்மையாகவே மேலானதாகும் இடங்களுள் ஒன்று அந்தச் செருகி. வண்டியின் வயிற்றில் ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. மின்கம்பம் எட்டாத கட்டுமான இடத்தில் அறுவைப்பொறியை அதில் செருகி மரம் அறுக்கலாம். இரைச்சலிடும் ஜெனரேட்டரைத் தனியே சுமந்து செல்ல வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டு எதை விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள்: துருப்பிடிக்காத எஃகுப் போர்வை, மடித்த காகிதம் போன்ற அந்த உருவம், சாலையில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும் அந்தத் தோரணை. அட்டை அப்படியே இருக்க, உள்ளிருந்த அத்தியாயம் கிழிக்கப்பட்டது. சுருக்கப் பதிப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2025 செப்டம்பரில், ஐந்து மாதங்களிலேயே, அந்த வடிவத்தை டெஸ்லா விலக்கிக்கொண்டது. இத்தகைய வடிவங்கள் விற்பதற்காகவே செய்யப்படுகின்றனவா என்ற ஐயமும் எழுகிறது. கீழ்வடிவத்தைப் பார்த்து முகம் சுளித்து, இன்னும் பத்தாயிரம் போட்டால் எல்லாம் கிடைக்குமே என்று வாங்குபவர் மேலே நகர்வதற்கான படிக்கட்டாகவும் அவை இருக்கலாம்.

ஸ்லேட் எதிர்த்திசையில் சென்றது. அதில் வண்ணம் பூசுவதில்லை. உடற்பகுதித் தகடுகள் எஃகில் அழுத்தி எடுக்கப்பட்டவை அல்ல, சாம்பல் நிறத்தில் வார்த்த நெகிழிக் கலவை. வண்ணப்பூச்சுக்கூடமும் பெரும் அழுத்தப்பொறிகளும் இல்லாமலேயே தொழிற்சாலை அமைக்கலாம் என்பதால் பெரும் முதலீடு மிச்சமாகிறது. சன்னல் கண்ணாடியைக் கையால் சுழற்றி ஏற்றி இறக்க வேண்டும். நடுவில் தொடுதிரை கிடையாது. கைப்பேசியைப் பொருத்த ஓர் இடம் உண்டு. வானொலியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இருக்கை இரண்டே. ஆனால் குளிர்சாதனமும் காற்றுப்பைகளும் தானியங்கி அவசரத் தடையும் உண்டு. அறிமுகத்தின்போது அறிவித்தபடி, 52.7 கிலோவாட் அவர் பேட்டரியில் சுமார் 240 கிலோமீட்டர் செல்லும். கூடுதல் விலையில் கிடைக்கும் பெரிய பேட்டரியில் 385 கிலோமீட்டர் வரை. சரக்குத் தட்டு ஏறக்குறைய 650 கிலோ தாங்கும். பின்னால் இழுக்கும் திறன் 450 கிலோ. ஐந்து பேர் அமரும் மூடிய வண்டியாக அதை மாற்றும் தொகுப்பும், நூறுக்கு மேற்பட்ட துணைப்பொருள்களும் தனியே விற்கப்படும். உரிமையாளரே பொருத்திக்கொள்ளலாம் என்பது நிறுவனத்தின் பேச்சு.

இங்கே நீக்கப்பட்டவை யாவும் வேலைக்கு வெளியே இருப்பவை. கூரைத் தகடுகளை ஏற்றிச் செல்பவருக்குச் சன்னலைக் கையால் சுழற்றுவது பாரமாகாது. திரை பழுதானால் வண்டியே முடங்குமோ என்ற கவலையும் அவருக்கு இல்லை. பழுதாவதற்குத் திரை இருந்தால்தானே. இல்லாத பொருள் கெட்டுப்போவதில்லை என்பது பழைய பட்டறைகளின் ஞானம். வானொலியைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தனியே நெடுந்தொலைவு ஓட்டுபவருக்குப் பாட்டு ஆடம்பரமா, தேவையா? தேவையே என்று எங்களில் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். கைப்பேசியும் சிறு ஒலிபெருக்கியும் அக்குறையைத் தீர்க்கும் என்பதால் அதைப் பெரிய வழக்காக்கவில்லை.

அமெரிக்க இலக்கியத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கட்டுரை நினைவுக்கு வரக்கூடும். 1936இல் நியூயார்க்கர் இதழில் இ. பி. ஒயிட் எழுதிய, ஃபோர்டின் டி மாடல் காருக்கு விடைகொடுக்கும் கட்டுரை. ரிச்சர்ட் ஸ்ட்ரவுட் என்ற பத்திரிகையாளர் தந்த கருவிலிருந்து பிறந்ததால் இருவர் பெயரையும் இணைத்த புனைபெயரில் அது வெளிவந்தது. டி மாடலை வாங்கியவர் அதை முடிந்த பொருளாகக் கருதவில்லை என்பது ஒயிட்டின் கவனிப்புகளில் ஒன்று. வாங்கிய நாளிலிருந்துதான் அவருடைய வேலை தொடங்கியது. சியர்ஸ் ரோபக் விலைப்பட்டியலைப் புரட்டிச் சிறு சிறு பொருள்களாக வரவழைத்து அந்த எலும்புக்கூட்டுக்குச் சதை சேர்த்தார். ஸ்லேட் நிறுவனத்தின் துணைப்பொருள் பட்டியல் அந்தப் பழைய பட்டியலின் மறுபிறவி. அந்நிறுவனம் இந்தியானா மாநிலத்து வார்சா நகரில் தன் தொழிற்சாலைக்காகத் தேர்ந்த கட்டடமும் முன்பு பெரிய அச்சகமாக இருந்தது. அச்சுத் தொழில் ஒடுங்கிய இடத்தில் வண்டி செய்யப் போகிறார்கள் என்ற செய்தி நம்மைப் போன்றவர்களைச் சற்று வருத்தவும் செய்கிறது.

இன்னொரு நினைவு ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. 1939இல் வெளிவந்த அந்நாவலில் ஜோட் குடும்பம் ஒக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகும் வண்டி, ஒரு பழைய ஹட்சன் கார். கூரையை வெட்டியெறிந்து சரக்குத் தட்டைப் பொருத்தி அதை டிரக்காக்கியிருக்கிறார்கள். இளைஞன் அல் அதன் ஒவ்வொரு ஓசைக்கும் காது கொடுத்தபடி ஓட்டுகிறான். அங்கே எதைக் களைவது என்பதைத் தீர்மானித்தவர்கள் அந்த வண்டியை நம்பி வாழ வேண்டியவர்கள். எங்கள் அளவுகோலும் இதுதான். களைவதை யார் தீர்மானிக்கிறார்கள், களைந்தபின் எஞ்சிய பொருளின் மீது யாருக்கு அதிகாரம்? டெஸ்லாவின் குறைத்த வடிவத்தில் இரண்டும் நிறுவனத்திடமே இருந்தன. ஸ்லேட் இரண்டாவதை உரிமையாளரிடம் ஒப்படைக்க முன்வருகிறது. இதுவரை அதன் பக்கம்தான் எங்கள் கை உயர்கிறது.

ஆயினும் முழு மனத்தோடு உயரவில்லை. காரணம் விலை.

2025 ஏப்ரலில் ஸ்லேட் சொன்னது, கூட்டாட்சி அரசின் 7,500 டாலர் வரிச் சலுகைக்குப் பின் 20,000 டாலருக்குக் கீழ் என்று. அந்த ஆண்டு ஜூலை 4ஆம் நாள் கையெழுத்தான சட்டம் செப்டம்பர் 30ஆம் தேதியோடு அச்சலுகையை முடித்துவைத்தது. உடனே நிறுவனத்தின் அறிவிப்பும் மாறியது. இருபதாயிரத்துக்குக் கீழ் என்ற சொல் போய், இருபதுகளின் நடுப்பகுதி என்ற சொல் வந்தது. வண்டியில் எதுவும் கூடவில்லை. எளிமை மட்டும் ஐயாயிரம் டாலர் அளவுக்கு விலை ஏறிற்று. 25,000 டாலருக்கு அருகே போட்டியாளர்கள் இருக்கிறார்கள். ஃபோர்டின் மேவரிக் என்ற சிறு பிக்கப், பெட்ரோலும் மின்மோட்டாரும் கலந்தது. நான்கு கதவு, ஐந்து இருக்கை, திரை, வானொலி எல்லாம் உண்டு. 2021இல் 19,995 டாலருக்கு அறிமுகமாகி, 2025க்குள் 28,000 டாலர் அளவுக்கு ஏறிவிட்ட வண்டி அது. ஸ்லேட்டை வாங்கி, இருக்கைத் தொகுப்பு, ஒலிபெருக்கி, பெரிய பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர் மேவரிக்கின் விலையைத் தாண்டிச் செல்வது எளிது. இவற்றோடு, நன்கு ஓடிய பழைய வண்டி என்னும் என்றுமுள்ள போட்டியாளரும் இருக்கிறார். உழைப்பாளிகள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான்.

இந்தத் துறையில் அறிவித்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் இடையேயான தூரம் ஏற்கெனவே நீண்டது. ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங் மின்சார பிக்கப்பின் அடிப்படை வடிவம் 2021இல் 39,974 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. வினைல் இருக்கை, தட்டில் மின்செருகி என்று அது உண்மையான மலிவுப் பதிப்பாகவே இருந்தது. 2023 வசந்தத்தில் அதே வடிவத்தின் விலை 59,974 டாலர். பிறகு சற்று இறங்கியது. எனினும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2025 டிசம்பரில், மின்வாகனத் திட்டங்களைத் திருத்துவதால் 19.5 பில்லியன் டாலர் இழப்புக் கணக்கு எழுதுவதாக ஃபோர்டு அறிவித்தபோது, முழு மின்சார லைட்னிங்கும் நிறுத்தப்பட்டது. டெஸ்லாவின் மாடல் 3 காருக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 35,000 டாலர் கார் என்று 2016இல் உலகத்துக்கு அறிமுகமானது. அந்த விலையில் கேட்டுப் பெறும் நிலை 2019இல்தான் வந்தது. வந்த சில வாரங்களிலேயே, கடைக்குப் போயோ தொலைபேசியிலோ கேட்டால் மட்டும் தருவோம் என்றாயிற்று. மலிவுப் பதிப்பு விலைப்பட்டியலில் இருக்கும். கேட்டால் கைவசம் இல்லை என்பார்கள். பதிப்புலகத்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது.

டி மாடலின் வரலாறு இதற்கு நேர்மாறானது என்பதை மறக்கக்கூடாது. 1908இல் 850 டாலருக்கு அறிமுகமான கார் அது. ஆண்டுதோறும் உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கி, 1920களின் நடுவில் அதன் இருவர் அமரும் வடிவம் 260 டாலருக்குக் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் வரவில்லை. ஒரே நிறம், ஒரே வடிவம் என்ற அந்தப் பிடிவாதத்தின் பயன் வாங்குபவரின் பையில் தெரிந்தது. ஹென்றி ஃபோர்டைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல ஏராளம் உண்டு. இந்த ஒன்றில் அவர் கணக்கு நேர்மையாக இருந்தது. 1935இல் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்சுக்கு நல்ல நூல்களைத் தாளட்டையில் கொடுத்தபோதும் இதே கணக்குத்தான் செயல்பட்டது. அட்டையில் மிச்சம் பிடித்தது வாசகரிடம் போய்ச் சேர்ந்தது. மிச்சம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைக் கேட்காமல் எளிமையைப் புகழ்வது வீண்.

எங்கள் அச்சம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எளிமை வெகு விரைவில் ரசனையாக மாறக்கூடிய பொருள். கைத்தறியும் மண்பாண்டமும் அன்றாடத் தேவையாக இருந்த நிலை மாறி, வசதியுள்ளோர் வீடுகளின் அழகுப்பொருளானதை நாம் பார்த்திருக்கிறோம். வண்ணமற்ற சாம்பல் வண்டி, கையால் சுழற்றும் சன்னல், திரையற்ற அமைதி ஆகியவற்றைப் படித்ததும் நம்மைப் போன்றவர்களுக்கு மனம் இளகுகிறது. அந்த இளக்கத்தை நாம் ஐயுற வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார்கள் உள்ளவர் மூன்றாவதாக வாங்கி வார இறுதியில் ஓட்டி மகிழும் பொருளாக ஸ்லேட் முடிந்துபோனால், வடிவமைப்பு வென்றிருக்கும், நோக்கம் தோற்றிருக்கும். ஒரு தோட்டத் தொழிலாளி மாதத் தவணையைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு பழைய வண்டிக்கே திரும்புவாரானால், அந்தச் சன்னல் கைப்பிடி வெறும் அலங்காரமே. இல்லாமையை அலங்காரமாகச் செய்தது என்பது மட்டும் வேறுபாடு.

ஆகவே எங்கள் தீர்ப்பு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. எதை நீக்குவது என்பதில் ஸ்லேட் சரியாகச் சிந்தித்திருக்கிறது. கருவியைக் கருவியாக விட்டுவைத்து, மேற்பூச்சை உதறியிருக்கிறது; டெஸ்லாவின் குறைத்த வடிவம் செய்த பிழையை அது செய்யவில்லை. அன்றாடம் நூறு கிலோமீட்டருக்குள் ஓடி, இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ள வசதியுள்ள, பெரிய இழுவண்டி தேவைப்படாத தொழிலாளிக்கு அது போதும். புல்வெட்டும் பொறிகளை இழுவண்டியில் ஏற்றிச் செல்பவருக்கும், மூன்று பேரோடு வேலைக்குப் போகிறவருக்கும் போதாது. இதை மறைக்காமல் சொல்வதே அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாவது பகுதியை எழுத வேண்டியது நிறுவனம். 50 டாலர் முன்பதிவு கட்டி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் எந்தச் சேர்க்கையும் வேண்டாம், வெறும் வண்டி போதும் என்று சொல்பவருக்கு அந்த வெறும் வண்டி காலதாமதமின்றிக் கிடைக்குமா, அல்லது துணைப்பொருள் சேர்த்து வாங்குபவருக்கே வரிசையில் முன்னிடம் தருவார்களா? உற்பத்தி பெருகினால் விலை டி மாடலைப் போல இறங்குமா, மேவரிக்கைப் போல ஏறுமா? வாங்க நினைப்பவர்கள் அறிமுக விழாவின் படங்களை ஒதுக்கிவைத்து இந்தக் கேள்விகளை மட்டும் கையில் எடுத்துச் செல்லட்டும். கடையில் போய், எதுவும் சேர்க்காத வண்டி ஒன்று வேண்டும், என்ன விலை, எப்போது தருவீர்கள் என்று கேட்கட்டும். அதற்கு நேரான பதில் வந்தால் அது மலிவுப் பதிப்பு. பதிலுக்கு விலைப்பட்டியலைப் புரட்டத் தொடங்கினால், எழுந்து வந்துவிடலாம்.